தலைமையாசிரியர் அறைக்குள் ஓடும் ஆறு

மதிப்பும் பாசமும் மிக்க சித்தப்பாவுக்கு,

உங்கள் அண்ணன் மகள் எழுதுவது. இங்கே நானும் என் குடையும் நலம். அங்கே சித்தியும் உங்கள் முழங்காலும் நலமா? என் வேலைக்குத்தான் சற்று உடம்பு சரியில்லை. காரணம், நீங்கள் கொடுத்த நீல பெயிண்ட் டப்பா.

குறை சொல்லவில்லை. நான் யோசித்துத்தான் செய்தேன். ஏழாம் வகுப்புப் புத்தகத்தில் இந்த மண்ணின் பூர்வகுடிகளுக்கு ஒரே ஒரு வரி: 'முற்காலத்தில் இங்கே சிலர் வாழ்ந்தனர்.' அந்தச் சிலரின் வாரிசு ஒருத்தி என் வகுப்பில் மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்து அதைச் சத்தமாக வாசிக்கிறாள். எனக்குப் பொறுக்கவில்லை. அவளுடைய அத்தை ஓவியர், கதையும் சொல்வார். தங்கள் ஆற்றின் கதையை வகுப்பில் சொல்லி வரைய அவரை அழைத்தேன். நாலு பேர் முன்னால் நாக்கு ஒட்டிக்கொள்கிற நான், தலைமையாசிரியரிடம் நேரே போய் அனுமதி கேட்டேன். பெயிண்ட் சுவரில் மட்டும் படக் கூடாது என்றார். சுவரில் ஒரு சொட்டுகூடப் படவில்லை.

ஆற்றின் கதையை அந்த மக்கள் உட்கார்ந்து சொல்வதில்லையாம். ஆறு ஓடிய வழியிலேயே நடந்து சொல்ல வேண்டும், கேட்பவர்கள் பின்னாலேயே தரையில் ஆற்றை வரைந்துகொண்டு வர வேண்டும், கடல் வரும்வரை நிறுத்தக் கூடாது. இது எனக்குத் தெரிந்தபோது ஆறு வகுப்பறையைத் தாண்டிவிட்டது. வராந்தாவில் மீன் பிடித்தார்கள், குடிதண்ணீர்க் குழாயருகே ஒரு கல்யாணம் நடந்தது, ஆபீஸ் வாசலில் வெளியாட்கள் வந்து வேலி போட்டார்கள், பிள்ளைகள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே வரைந்தார்கள், அப்படியே ஆறு தலைமையாசிரியர் அறைக்குள் புகுந்தது. போனில் பேசிக்கொண்டிருந்தவர் இரண்டு காலையும் தூக்கிக்கொண்டார். அது அவர் நாற்காலிக்கு அடியில் ஓடி, பின்கதவு வழியாக மைதானத்தில் கடலோடு கலந்தது.

"டீச்சர், ஆறு எதுக்கு என் ரூமுக்குள்ள வருது?" என்றார்.

நான் வாய் திறப்பதற்குள் ஓவியர் சொன்னார்: "ஆறு வரல சார். ரூம்தான் வந்துச்சு."

தண்ணி விட்டுத் தொடச்சா போயிடும்னு நீங்க சொன்னதை நம்பித்தான் சித்தப்பா நான் தைரியமா நின்னேன். போகல. சோப்பு போட்டுத் தேய்க்கத் தேய்க்க ஆறு பளபளன்னு ஆகுது. இரும்பு கேட்டுக்கு அடிக்கிற பெயிண்ட்டைத் தூக்கிக் குடுத்திருக்கீங்க. திங்கட்கிழமை கல்வி அதிகாரி வர்றார். அதுக்குள்ள தரை பழையபடி ஆகலேன்னா என் வேலையை நிரந்தரம் பண்ற தாள்ல அதிகாரி கையெழுத்துப் போட மாட்டாராம். நம்ம குடும்பத்துல முதல் பட்டதாரின்னு அப்பா தெருவுக்கே சொல்லி வச்சிருக்கார். அதனால சனிக்கிழமையே பெயிண்ட்டைக் கரைக்கிற தின்னரோட வந்துடுங்க.

நான் சிறியவள், உங்களை ஆசீர்வதிக்க முடியாது. சித்திக்கு என் அன்பையும் முழங்காலுக்கு என் பிரார்த்தனையையும் சேர்த்துவிடவும்.

இப்படிக்கு,
உங்கள் டீச்சர் பொண்ணு

பின்குறிப்பு: இதைத் தபாலில் போட மறந்து தரையைத் தேய்த்துக்கொண்டே இருந்துவிட்டேன். இன்று திங்கள். அதிகாரி அறைக்குள் கால் வைக்கப் போனார். தலைமையாசிரியர் பாய்ந்து அவர் முழங்கையைப் பிடித்தார். "பாத்து சார், தண்ணியில மிதிச்சிடாதீங்க." பிள்ளைகள் தினமும் கதை சொல்லிக்கொண்டே அந்த நீலக் கோட்டைத் தாண்டிக் குதித்ததில் தலைமையாசிரியருக்கு எல்லாம் மனப்பாடம். அதிகாரிக்குக் கதை சொன்னதில் கல்யாணம், வேலி, எதையும் விடவில்லை. 'ரூம்தான் வந்துச்சு' என்பதைச் சொந்தச் சரக்காகவே சொன்னார். என் தாளில் கையெழுத்தும் ஆகிவிட்டது.

தின்னர் வேண்டாம். ஓவியர் சொல்கிறார், அந்த ஆற்றுக்கு ஒரு கிளை உண்டாம், அது அதிகாரியின் அலுவலகம் வழியாகப் போகிறதாம். நீலம் இரண்டு டப்பா கொண்டு வாருங்கள். கேட்டுக்கு அடிக்கிறதே இருக்கட்டும்.