டெலியாவுக்குத் திறந்த ஜன்னல்

ஜன்னல் அசையவே இல்லை.

டெலியா கிழவியின் மூச்சு நின்று கால் மணி நேரமாகிவிட்டது. ஊர் வழக்கப்படி மருமகள் நோரீன் கடிகாரத்தை நிறுத்தினாள். முகம் பார்க்கும் கண்ணாடியைத் துணியால் மூடினாள். இனி ஜன்னலைத் திறந்தால்தான் ஆவி வெளியே போகும். இல்லாவிட்டால் வீட்டிலேயே தங்கிவிடும்.

பதினான்கு வருஷமாக மாமியாரின் குறைகள்: ரொட்டியில் உப்பு அதிகம், தேநீரில் சாயம் குறைவு. இன்னொரு நாள் நோரீனால் முடியாது.

"பலமா தள்ளேன்!"

"தள்ளிக்கிட்டுத்தானே இருக்கேன்," என்றான் கணவன் கோல்மன். "பெயிண்ட் அடிக்கிறேன்னு இடுக்கையெல்லாம் அடைச்சிருக்கே. எங்கம்மாவ உள்ளயே பூட்டிட்டியேடி."

"நானா? பூட்டி வச்சுக்கிற ஆளா நான்?"

ரொட்டிக் கத்தியை இடுக்கில் விட்டாள். அது முறிந்தது.

"அம்மாவோட கத்தி," என்றான் அவன்.

இருவரும் கட்டிலைத் திரும்பிப் பார்த்தார்கள். கிழவியின் வாய் லேசாகக் கோணியிருந்தது.

கோல்மன் மண்வெட்டியால் நெம்பினான். ஜன்னல் கண்ணாடிதான் உடைந்தது.

"இந்த ஓட்டை போதாதா?"

"உங்கம்மா கதவை முழுசாத் திறந்தாத்தான் வருவாங்க. இதுல போவாங்களா?"

மண்வெட்டியைப் பிடுங்கி ஓங்கி அடித்தாள். சட்டம் காரையோடு பெயர்ந்து முற்றத்தில் விழுந்தது. குளிர்காற்று புகுந்து மெழுகுவத்தியை அணைத்தது.

"போயிட்டாங்க," என்றாள் மூச்சு வாங்க.

"ரெண்டு மணி நேரத்துல மூடணுமே! இல்லேன்னா திரும்பி வந்துருவாங்க. மூட ஜன்னல் எங்க?"

"மேசையைச் சாத்திக்கலாம். ரெண்டு மணி நேரம் ஆனதும் சொல்லு."

கோல்மன் கடிகாரத்தைப் பார்த்தான். அது நின்றிருந்தது.

குத்துமதிப்பாக மூடினார்கள். சீக்கிரமாக மூடிவிட்டோமோ என்று நோரீனுக்குச் சந்தேகம். மேசையை நகர்த்தினாள். தாமதமாகிவிட்டதோ என்று பயம். மறுபடி சாத்தினாள். துக்கத்துக்கு வந்தவர்கள் தேநீர்க் கோப்பையையும் புகைக்குழாயையும் வைக்க இடமில்லாமல் மடியில் வைத்துக்கொண்டு அவளையே பார்த்தார்கள்.

கடைசியில் மாமியாரின் நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தாள். யாரும் திட்டவில்லை. முதல் முறையாகத் தன் இஷ்டத்துக்குச் சாயம் இறக்கிய தேநீரை ஒரு வாய் குடித்தாள்.

சவப்பெட்டியைக் கொண்டுவந்த தச்சன் டார்பி, முற்றத்தில் கிடந்த சட்டத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு உள்ளே வந்தான்.

"என்னம்மா இது, 'நோரீனைத் தனியா விட்டுட்டு நான் எங்கயும் போறதா இல்ல, நல்லா இறுக்கி அடி'ன்னு டெலியாம்மாதானே போன மாசம் இந்த ஜன்னலுக்கு வெளிப்பக்கமா ஆறு ஆணி அடிக்கச் சொன்னாங்க?"