தகரக் கணக்கப்பிள்ளை

மாத்தளை மாவட்டத்திலேயே காற்றை வேலைக்கு வைத்திருந்த ஒரே மனிதர் எங்கள் ஃபேன்காரர்தான். சம்பளம் இல்லையென்று காற்று முறைப்பாடு செய்ததில்லை. இரைச்சல் தாங்காமல் நாங்கள்தான் செய்தோம்.

யட்டவத்தைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டம். அங்கே தொழிற்சாலையில் கொழுந்து வாட்டும் ஃபேன்களைப் பார்த்துக்கொண்டவர் அவர். தொழிற்சாலையை மூடி, கொழுந்தை லொறியில் வேறு தோட்டத்துக்கு அனுப்பத் தொடங்கியதும் அவருக்குக் கை சும்மா இருக்கவில்லை. எண்ணெய் டின், சைக்கிள் ரிம், குடைக்கம்பி என்று பொறுக்கி, நாங்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்துக் கூரைமேல் பொம்மைகளை ஏற்றினார். காற்றடித்தால் சேவல் கொத்தும். சைக்கிள்காரன் மிதிமிதியென்று மிதிப்பான், எங்கும் போகமாட்டான்.

"அண்ணே, அந்தச் சேவலை அறுத்துக் கறி வையுங்களேன்" என்று பக்கத்து அறையான என் காம்பராவிலிருந்து கத்துவேன்.

"தகரம்டா தம்பி. பல்லு போயிரும்."

அவர் மனைவி செல்லம்மா அண்ணி கொழுந்து பறிப்பவர். நிறுவையில் கொஞ்சம் குறைந்தால் கணக்கப்பிள்ளை அரைப் பேர்தான் போடுவார். நாள் முழுக்க மழையில் நனைந்தவளுக்குப் பாதிச் சம்பளம். இதை அநியாயம் என்று நான் சொல்லமாட்டேன். பொருத்தமான சொல் வேறு இருக்கிறது, பத்திரிகையில் போடமாட்டார்கள்.

ஒரு வாரம் முழுக்க அண்ணிக்கு அரைப் பேர். ஃபேன்காரர் தகரத்தை வெட்டத் தொடங்கினார். கூரையில் புதிதாக இரண்டு ஆள்களை ஏற்றினார். ஒரு பெண் கொழுந்து கிள்ளிக் கூடையில் போடுவாள். எதிரே தராசோடு ஒரு கணக்கப்பிள்ளை. அவள் கிள்ளக் கிள்ள, போதாது போதாது என்று தலையை இடமும் வலமும் ஆட்டுவார். நிறுக்கிற இடம் லயத்துக்கு நேர் எதிரே. பெண்கள் சிரித்தார்கள். நிஜக் கணக்கப்பிள்ளை, தோட்டத்து உதவி மேலாளரான சின்னத்துரையிடம் ஓடினார்.

சின்னத்துரை மோட்டார் சைக்கிளில் வந்தார். "யாருய்யா தலையை ஆட்டுறது?"

"காத்துங்க தொரை."

"கழட்டு. இல்லாட்டிக் காம்பராவைக் காலி பண்ணு."

பாட்டன் காலத்திலிருந்து குடியிருந்தாலும் காம்பரா தோட்டத்துடையது. எங்களுக்கு ஒரு செங்கல்கூடச் சொந்தமில்லை. அண்ணி அன்று சோற்றைத் தொடவில்லை. "இந்த வயசில எங்கங்க போய் நிக்கிறது?"

மறுநாள் ஃபேன்காரர் கணக்கப்பிள்ளையின் கழுத்தைத் திருத்தினார். இப்போது தலை மேலும் கீழும் ஆடியது. "சரிங்கிறாரு. இனி யாருக்குக் கோவம் வரும்?" என்றார். உண்மையாகவே நம்பித்தான் சொன்னார்.

அன்று நிறுவையில் பெண்கள் நிஜக் கணக்கப்பிள்ளைக்குக் கூரையைக் காட்டினார்கள். "அங்க பாருங்க ஐயா, அவரு எல்லாத்துக்கும் சரிங்கிறாரு. நீங்களும் ஆட்டுங்களேன்!"

சின்னத்துரை மறுபடி வந்து எங்களைக் கூரையில் ஏறிப் பொம்மையைக் கழற்றச் சொன்னார். ஒருவனும் அசையவில்லை. ஒழுகுகிற தகரத்தை நாங்களே மாற்றுகிறோம் என்று கெஞ்சியபோது, தோட்டத்துக் கூரையில் கை வைக்காதே என்று விரட்டியவர்கள் இவர்கள்.

"தோட்டத்துக் கூரைங்க தொரை," என்றேன். "நாங்க கை வைக்கக் கூடாதே."

அவர் முகம் சிவந்தது. "பொழுது சாயறதுக்குள்ள அந்தக் கணக்கப்பிள்ளை எறங்கணும். இல்லாட்டிச் சாமான் வெளிய வரும்."

ஃபேன்காரர் வாசலில் குந்திக்கொண்டார். "எறக்கமாட்டேன்."

அண்ணி சண்டை பிடிக்கவில்லை. ஏணியை இழுத்து வந்து சுவரில் சாத்தினார். "எனக்கு வீடு வேணுங்க" என்றார்.

ஃபேன்காரர் எழுந்தார். நான் ஏணியைப் பிடித்தேன். கணக்கப்பிள்ளையைக் கழற்றிக் கீழே கொடுத்தார். பிறகு கை அந்தப் பெண்ணின் பக்கம் போனது.

"அவளைத் தொடாதீங்க," என்றார் அண்ணி. "தொரை கணக்கப்பிள்ளையைத்தான் சொன்னாரு."

தகரப் பெண் பறித்துக்கொண்டே இருந்தாள். போதாது என்று சொல்ல எதிரில் ஆளில்லை.

இறங்கும்போது அவர் கடைசிப் படியில் நின்றார். என் தோளில் கையூன்றினார். தரைக்கு வந்த பிறகும் கையை எடுக்கவில்லை. நானும் நகரவில்லை.