நோக்கம் வெளுக்கும் வரை

ஜெபக்கூட்டங்களில் ஒரு ரகத்தார் உண்டு, பார்த்திருப்பீர்கள். அடுத்தவர் குற்றத்தைத் தோண்டுவதில்லை, அவ்வளவு நல்லவர்கள். தங்கள் உள்ளத்தைத்தான் தோண்டுவார்கள். தோண்டித் தோண்டி, உள்ளே எதையாவது கண்டுபிடித்து, வெளியே எடுத்துத் தூசி தட்டி, நாலு பேருக்குக் காட்டாமல் விடமாட்டார்கள்.

நம் தையல்காரர் அந்த ரகத்தில் முதல் தரம். ஒரு வயதான காவலாளிக்கு யாரும் அறியாமல் போர்வை கொடுத்தார். மெச்ச வேண்டிய காரியம்தான். அடுத்த கூட்டத்திலேயே எழுந்து நின்று, "ரகசியமா ஒரு போர்வை குடுத்தேன். குடுத்ததும் உள்ளுக்குள்ள பெருமை எட்டிப் பாத்துச்சு. எனக்காக ஜெபம் பண்ணுங்க" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். பெருமை போயிற்றோ இல்லையோ, போர்வை ஊருக்கெல்லாம் தெரிந்துபோயிற்று. பிறகு, அழுததில் கொஞ்சம் நடிப்பு இருந்ததோ என்று சந்தேகம் வந்து, அதையும் அறிக்கையிட்டார். இவரை என்னதான் செய்வது?

இவரை இடுப்பில் சுமந்து வளர்த்த அக்கா, கால் முறிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தாள். மாவுக்கட்டோடு அவளை வீட்டுக்கு அனுப்பும் நாள். தனிக்கட்டை, வீடோ மாடியில். "தம்பி வருவான், தூக்கிட்டுப் போவான்" என்று நர்ஸிடம் சொல்லிவிட்டு, துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு வாசல் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள்.

தம்பி கிளம்பத்தான் செய்தார். சட்டையில் ஒரு கை நுழைந்தது. மறு கை நின்றுவிட்டது. பாசத்தால் போகிறோமா, 'எப்பேர்ப்பட்ட தம்பி!' என்று அந்த நர்ஸ் சொல்வதைக் கேட்கப் போகிறோமா? மனசுக்குள் எட்டிப் பார்த்தார். ஐயோ, நர்ஸ் உள்ளேதான் இருந்தாள்! முழங்காலில் விழுந்து நர்ஸை விரட்டினார். காலியான இடத்தில் போதகர் வந்து உட்கார்ந்தார். போதகரை அனுப்பிவைத்தால், பரலோகத்தில் கிடைக்கப்போகும் பலன் பல்லைக் காட்டியது.

மனைவி கதவைத் தள்ளினாள். "இன்னும் கிளம்பலையா?"

"மனசு சுத்தமாகலை."

"மனசு கிடக்கட்டும். மாடி ஏத்தறதுக்குக் கை இருந்தா போதுங்க."

"உனக்குப் புரியாது. அழுக்கான நோக்கத்தோட செஞ்சா அது அன்பா?"

அவள் தலையில் அடித்துக்கொண்டு எதிர்க்கடை ரொட்டிக்காரரிடம் ஓடினாள்.

ரொட்டிக்காரருக்கு நோக்கத்தை ஆராயும் தொல்லை இல்லை. அவருக்கு இருப்பதே ஒரு நோக்கம், பேர் வாங்குவது. வண்டியை எடுத்தார், பெஞ்சில் வாடிக்கிடந்தவளைப் பிள்ளையைப் போல அள்ளினார், படியேறும்போதே "நான் இல்லேன்னா இந்தத் தெரு என்னத்துக்கு ஆகும்!" என்று அக்கம்பக்கம் கேட்கக் கத்தினார். சுத்தத் தம்பட்டம். ஆனால் அக்கா தன் கட்டிலில் படுத்திருந்தாள். நீங்கள் என்ன வாதாடினாலும் சரி, எனக்கு அந்தக் கட்டில்தான் கணக்கு.

பொழுது சாய்ந்தபின், ஒருவழியாக நோக்கம் வெளுத்து, தையல்காரர் வந்து சேர்ந்தார்.

"அக்கா, நான் வராததுக்குக் காரணமே உன் மேல உள்ள பாசம்தான். கலப்படமில்லாம வரணும்னு..."

"உள்ள வர்ற ஒவ்வொரு ஆளும் நீதான்னு நிமிர்ந்து நிமிர்ந்து பாத்தேன்டா" என்றாள் அக்கா. அதற்குமேல் திட்டவில்லை. "போகட்டும். அந்தத் தண்ணியை எடு. நாக்கு வறண்டு போச்சு."

தம்ளரை எடுத்தார். நீட்டினார். பாதி வழியில் கை நின்றது. அவள் தாகத்துக்குக் கொடுக்கிறோமா, நம் மன்னிப்புக்குக் கொடுக்கிறோமா?

"டேய், நான் குடிச்சப்புறம் யோசிடா!" எம்பிப் பிடுங்கினாள் அக்கா. பாதித் தண்ணீர் மாவுக்கட்டில் கொட்டியது.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் 'நல்லவேளை, நான் இப்படியில்லை' என்றுதானே சிரித்தீர்கள்? இல்லையா? நிச்சயமாகத் தெரியுமா? அதை ஆராய இப்போது உட்கார்ந்துவிடாதீர்கள். வீட்டில் யாரோ உங்களைக் கூப்பிட்டு வெகுநேரமாகிறது.