தப்பாமல் ஏற்றிய விளக்கு

மூன்று மாதமாக ஒரு நாள் விடாமல் அஞ்சுகமே சாமி விளக்கு ஏற்றியதுதான் வினையாகப் போயிற்று. நெடுங்காட்டில் ஒருத்தி வீட்டுக்கு விலக்காகி ஒதுங்கவில்லை என்றால், அடுத்த வீட்டுக்கு அதற்கு ஒரே அர்த்தம்தான்.

"நாப்பத்தி நாலு வயசுல என்ன அஞ்சுகம் இது?" என்று வேலிக்கு மேலாகக் கேட்டாள் பக்கத்து வீட்டு வினோதா. "நீதான் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேசன் பண்ணிக்கிட்டியே?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்லக்கா."

விஷயம் வேறு. மாதம் பத்து நாள் உதிரம் கொட்டிக் கொட்டி, உடம்பில் ரத்தமே இல்லாமல் நடவு வயலில் சுருண்டு விழுந்தவள் அவள். காரைக்கால் டாக்டரம்மாவிடம் போய், கருப்பைக்குள் ஹார்மோன் சுரக்கும் சின்னக் கருவி ஒன்றை வைத்துக்கொண்டு வந்திருந்தாள். முதலில் விட்டுவிட்டுக் கொஞ்சம் உதிரம் பட்டது. பிறகு நின்றேவிட்டது. சிலருக்கு அப்படி நிற்கும், பயப்பட வேண்டாம் என்று டாக்டரம்மா முன்பே சொல்லியிருந்தார்.

வீட்டில் அவள் இதைச் சொல்லவில்லை. கணவன் செம்பியன் ஊசிக்கே நடுங்குகிறவன். உடம்புக்குள் கருவி என்றால் மறுநாளே எடுக்கச் சொல்வான். எடுத்தால் பழைய நரகம்தான்.

ஊர் வாயை அடைக்க, மறுநாள் விளக்கைத் தொடாமல் கொல்லைப்பக்கம் போய் உட்கார்ந்தாள்.

செம்பியன் பதறிக்கொண்டு வந்தான். "உதிரம் படுதா? இந்த நேரத்துல படக் கூடாதே. அசையாம படு."

"எனக்கு ஒண்ணும் இல்லைங்க."

"ஆபரேசன் எப்பவாவது தோக்குமாம். அம்மா சொல்லுச்சு."

மாலையில் ஆட்டு ஈரலும் மாதுளம்பழமும் வாங்கி வந்து இறக்கினான். வேண்டாம் என்று தள்ளினாள், மசக்கை என்றார்கள். சரியென்று சாப்பிட்டாள், இரண்டு உயிருக்குச் சாப்பிடுகிறாள் என்றார்கள். கோட்டுச்சேரி நாத்தனார் ஒரு பை மாங்காயோடு பஸ் ஏறி வந்துவிட்டாள்.

செம்பியன் பரணிலிருந்து தொட்டில் கயிற்றை எடுத்த அன்று அஞ்சுகத்துக்குப் பொறுக்கவில்லை. கூடத்தில் நின்று எல்லாவற்றையும் சொன்னாள்.

"எடுக்கச் சொல்லாதீங்க. சொன்னாலும் எடுக்க மாட்டேன். இப்பத்தான் மனுசியா நடமாடுறேன்."

"உள்ள குத்தாதா?" என்றான் அவன், வியர்த்துப்போய்.

"குத்துனா எனக்குத்தானே குத்தும்? நீங்க ஏன் வேர்க்குறீங்க?"

அவன் கயிற்றைப் பரணில் போட்டுவிட்டு வெளியே போனான்.

அஞ்சுகம் மாமியார் ராஜத்திடம் திரும்பினாள். "மன்னிச்சுக்குங்க அத்தை. உங்களையும் ஏமாத்திட்டேன்."

ராஜம் மாதுளை உரிப்பதை நிறுத்தவில்லை.

"நீ டாக்டரம்மாகிட்ட போன்ல பேசுனது அன்னைக்கே என் காதுல விழுந்துச்சு. புள்ளத்தாச்சின்னு தெருவுல கெளப்பிவுட்டதே நான்தான். ரத்தம் இல்லாம நீ வுழுந்து கெடந்தப்ப ஒத்தப் பழம் வாங்கியாராத பயல, வேற எப்புடி வாங்க வைக்கிறது?"