கூவத்தில் விழுந்த டப்பா

உப்புமா மட்டும்தான் ஆற்றில் விழுந்திருக்க வேண்டும். டப்பாவும் சேர்ந்து விழுந்துவிட்டது.

ஹேமநாதன் திகைத்து நின்றான். பருத்திப்பட்டைத் தாண்டி, பூந்தமல்லி போகும் நெடுஞ்சாலையில் கூவத்தின் மேல் உள்ள பாலம் அது. மனைவி தாட்சாயிணி கட்டித் தரும் குதிரைவாலி உப்புமாவை அலுவலகம் போகிற வழியில் அங்கே கொட்டுவது அவனுக்கு மூன்று மாதப் பழக்கம். முதல் நாள், அவள் மனம் நோகக்கூடாதென்று "பிரமாதம்" என்று சொல்லித் தொலைத்தான். மறுநாளிலிருந்து தினமும் பிரமாதம்தான். கொட்டும்போது டப்பாவுக்குள் பார்க்கக்கூட வெட்கம். முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் கவிழ்ப்பான்.

டப்பாவோ அவள் பிறந்த வீட்டுச் சீர். அவள் பெயர் பொறித்தது. அது இல்லாமல் வீட்டுக்குப் போக முடியாது. கைப்பிடிச் சுவரில் கவிழ்ந்து எட்டிப் பார்த்தான்.

"இன்னா சார், இந்தக் குனி குனியறே?" ஆட்டோக்காரர் வேம்புலி ஓடி வந்து அவன் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டார்.

"சாப்பாட்டு டப்பாங்க. கை தவறிடுச்சு."

"அவ்ளோதானா. கடையில துன்னுக்க சார்."

அத்தோடு விட்டிருக்கலாம். "என் மனைவி செஞ்சதைத் தவிர வேற எதுவும் எனக்குத் தொண்டையில இறங்காதுங்க" என்றான்.

வேம்புலிக்குக் கண் கலங்கிவிட்டது. கீழே குனிந்து, கரையில் நின்றவரிடம், "யோவ் பச்சையப்பா, அங்க ஒரு டப்பா வுழுந்துகீது, எட்தாய்யா" என்று குரல் கொடுத்தார். பிறகு பின்னால் பைக்கில் வந்தவர்களிடம் கதையைச் சொன்னார். அவர்கள் நின்றார்கள். ஷேர் ஆட்டோ நின்றது. சென்னீர்குப்பம் வரை ஹாரன் சத்தம்.

திட்டுவதற்காக வந்த போக்குவரத்துக் காவலர் விஷயத்தைக் கேட்டுத் தொப்பியைக் கழற்றினார். "எங்க வீட்ல சொன்னா நம்பவே மாட்டாங்க சார்."

ஷேர் ஆட்டோவிலிருந்து இறங்கிய பெண்ணொருத்தி செல்போனை நீட்டினாள். "மேடம் சமையலைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லுங்க சார்."

சொல்லிவிட்டால் விடுவார்கள் என்று நினைத்தான். "தாட்சாயிணியோட கைப்பக்குவம்..." என்று ஆரம்பித்தான். அவமானத்தில் கண்ணில் நீர் முட்டியது. கூட்டம் அதை அன்பென்று எடுத்துக்கொண்டது.

வீடியோ அவர்கள் அடுக்குமாடியின் வாட்ஸ்அப் குழுவுக்கு எப்படிப் போனதோ, கால் மணி நேரத்தில் தாட்சாயிணியே ஸ்கூட்டியில் வந்து இறங்கினாள்.

"ஏங்க, உப்புமாவுக்காகவா அழுதீங்க?"

"ஆமா." அவன் நிமிரவில்லை.

"அவ்வளவு பிடிக்குமா?"

"உயிர்."

கூட்டம் கை தட்டியது. மூன்று மாதத்தில் ஒரு நாள்கூட இவ்வளவு கூசியதில்லை அவனுக்கு. ஊரே பார்த்தாலும் சரி, இப்போதே உண்மையைச் சொல்லிவிடுவதென்று தீர்மானித்தான்.

"தாட்சா, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"சொல்லுங்க" என்றாள் அவள், மிகவும் பொறுமையாக.

அதற்குள், கரையில் வாத்து மேய்க்கும் பச்சையப்பன் ஈர வேட்டியோடு மேலே ஏறி வந்துவிட்டார். ஹேமநாதன் நீட்டிய கையை அவர் கவனிக்கவே இல்லை. டப்பாவை நேரே தாட்சாயிணியிடம் கொடுத்தார்.

"நீ சொன்ன மாரியே சார் தெனமும் கரெக்டா கொட்டிடறாரும்மா. ஆனா இன்னிக்குத் தவுடு கொஞ்சம் கம்மியாப் போட்டுட்டே போலகீது, வாத்துங்க மூஞ்சியத் திருப்பிக்கிச்சு."