முழு மாரத்தான் திருச்செல்வம்

ஓடுகிறவர்கள் ஓர் இனம். ஓடப்போகிறவர்கள் வேறோர் இனம். முதல் இனத்தை விடியற்காலையில் சாலையோரம் பார்க்கலாம். அவர்கள் அதிகம் பேசமாட்டார்கள், மூச்சு போதாது. இரண்டாம் இனத்தை எங்கே வேண்டுமானாலும் பார்க்கலாம்: கல்யாண வீட்டில், கோயில் அன்னதானப் பந்தியில், ரொட்டி சானாய் கடையில். அவர்களுக்கு மூச்சுப் பஞ்சமே கிடையாது.

இந்த இரண்டாம் இனத்தின் அசல் மாதிரி ஒருவர் பாசிர் கூடாங்கில் எங்கள் வீட்டுக்கு எதிரே குடியிருக்கிறார். பெயர் திருச்செல்வம். ரசாயனத் தொழிற்சாலையில் ஷிப்ட் மேற்பார்வையாளர். அவர் உள்ளே நுழைவதற்குச் சற்று முன்பே அவருடைய தொப்பை நுழைந்துவிடும்.

கிளினிக் டாக்டர் இரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்துவிட்டு, "இனிப்பு நீர் வியாதி வாசல்ல வந்து நிக்குது மிஸ்டர் திரு. தினமும் கொஞ்சம் நடங்க" என்றார். நடப்பதாவது! அன்று மாலையே தொழிற்சாலை நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவில் அறிவிப்பு வந்தது: "நண்பர்களே, அடுத்த ஆண்டு முழு மாரத்தான் ஓடுகிறேன்." கட்டைவிரல்களும் தீப்பிழம்புகளும் வந்து குவிந்தன. ஓடுவதற்கு முன்பே இவ்வளவு பாராட்டு கிடைத்துவிட்டால், பிறகு எதற்காக ஓடவேண்டும்? நீங்களே சொல்லுங்கள்.

ஆனாலும் ஜொகூர் பாருவுக்குப் போய் காலுக்கு ஆரஞ்சு நிறத்தில் சப்பாத்து வாங்கினார். இதயத்துடிப்பு, தூக்கம், வேகம் எல்லாம் காட்டும் கைக்கடிகாரம் வாங்கினார். நெற்றிக்கு ஒரு பட்டை, முழங்காலுக்கு ஒரு பட்டை, தண்ணீர்ப்புட்டியைச் சொருகிக்கொள்ள இடுப்புக்கு ஒரு பட்டை வாங்கினார். எல்லாவற்றையும் மாட்டிக்கொண்டு ரொட்டி சானாய் கடையில் உட்கார்ந்து, உடன் வேலை செய்யும் ஹேமநாதனுக்கு ஓட்டக்கலையை விளக்கினார்.

"கார்போ லோடிங்னு ஒன்னு இருக்கு ஹேமா. ஓடுறவனுக்கு மாவுச்சத்து ரொம்ப முக்கியம். கடைக்காரண்ணே, இன்னொரு ரொட்டி!"

"நீங்க இன்னும் ஓடவே ஆரம்பிக்கலையே அண்ணே?"

"முதல்ல லோடிங், அப்புறந்தான் ஓட்டம். லோரி எப்படிப் போகுது?"

ஓட்டம் தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. ஒரு வாரம் புகைமூட்டம், ஒரு வாரம் மழை, ஒரு வாரம் இரவு ஷிப்ட், ஒரு வாரம் மச்சினன் வீட்டுக் காதுகுத்து. கடைசியில் காரணங்கள் தீர்ந்துபோன ஒரு ஞாயிற்றுக்கிழமை, வாசற்கதவைத் திறந்துகொண்டு பீரங்கிக் குண்டுபோலப் புறப்பட்டார். தெருமுனைப் பேருந்து நிறுத்தம்வரை குண்டு பறந்தது. அங்கே விழுந்தது. அவ்வழியே வந்த மலாய்க்காரர் ஒருவர் பயந்துபோய், மோட்டார் சைக்கிளில் ஏற்றி வீட்டில் கொண்டுவந்து விட்டார்.

புதுக் கடிகாரத்துக்கு இதெல்லாம் தெரியுமா? மோட்டார் சவாரியையும் ஓட்டமாகவே கணக்கெடுத்து, பிரமாதமான வேகம் என்று வாழ்த்தியது. திருச்செல்வம் ஒரு கணம் யோசித்தார். ஒரே ஒரு கணம்தான். பிறகு அதைப் படமெடுத்துக் குழுவில் போட்டார்.

"அலமாக்! இப்படி ஓடினா எல்லை தாண்டிடுவீங்க, சிங்கப்பூர் இமிகிரேஷன்லகூட நிக்கமாட்டீங்க லா!" என்றது குழு. தொழிற்சாலையின் விளையாட்டு மன்றமும் அதைப் பார்த்தது. நகரில் நடக்கவிருந்த ஓட்டப்போட்டிக்குத் தொழிற்சாலை அணியின் தலைவராக அவர் பெயரை எழுதியது. பிரிவு: முழு மாரத்தான்.

அன்று அவருக்குச் சோறு இறங்கவில்லை. மனைவி வாசுகியிடம் உண்மையைச் சொன்னார்.

"முழங்கால் வலின்னு சொல்லி அஞ்சு கிலோமீட்டர் பிரிவுக்கு மாத்திக்குங்க" என்றார் வாசுகி. "நாளைக்குத் திடல் வரைக்கும் ஓடுங்க, போதும். மூச்சு வாங்கினா நடங்க."

"அஞ்சா? அது சின்னப்பிள்ளைங்க ஓடுறது!"

"சின்னப்பிள்ளைங்க ஓடுறாங்க. நீங்க ஓடலையே."

முழங்கால் வலி என்று சொல்லிப் பிரிவை மாற்றிக்கொண்டார். மறுநாள் திடல்வரை ஓடினார், பாதி தூரம் நடந்தார். அடுத்த வாரம் பாதிக்குக் கொஞ்சம் குறைவாக நடந்தார். பிறகு திடலை ஒருமுறை சுற்றினார். சில வாரங்கள் கழித்து, வாய் திறந்தபடி, ஆனால் நிற்காமல், பலமுறை சுற்றினார். இதில் ஒன்றையும் அவர் படமெடுக்கவில்லை. அவர் இனத்தின் விதிப்படி, இதெல்லாம் நடக்கவே இல்லை.

போட்டி நாளன்று பள்ளி மாணவிகள் அவரைத் தாண்டிப் போனார்கள். குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்த ஒரு பெண்ணும் தாண்டிப் போனார். கடைசியில் அவருக்குப் பின்னால் ஆம்புலன்ஸ் மட்டும் ஊர்ந்து வந்தது. அதிலிருந்த தொண்டூழியர் லோஷினி எட்டிப் பார்த்தார்.

"அங்கிள், ஏறிக்கிறீங்களா? கடைசித் திருப்பத்துல இறக்கி விட்டுடறேன். யாருக்கும் தெரியாது."

திருச்செல்வம் வண்டியைப் பார்த்தார். உள்ளே குளிர்சாதனம் ஓடிக்கொண்டிருந்தது. திறந்த கதவு வழியே அந்தக் குளிர்ச்சி அவர் கழுத்தில் பட்டது.

"வேணாம்மா... மெதுவா... வந்துர்றேன்."

அவர் போய்ச் சேர்ந்தபோது முடிவுக்கோட்டு அலங்கார வளைவைக் கழற்ற ஏணி வைத்துவிட்டார்கள். ஏணியில் நின்றவர் மட்டும் கைதட்டினார். திருச்செல்வம் நடைபாதை ஓரத்தில், காத்திருந்த வாசுகியின் பக்கத்தில் உட்கார்ந்தார். கண் கலங்கியிருந்தது.

"வாசுகி, நிக்காம வந்துட்டேன்."

"பாத்தேங்க. தண்ணியைக் குடிங்க."

அங்கேயே உட்கார்ந்து குழுவில் எழுதினார்: "அஞ்சு கிலோமீட்டர்தான். கடைசி ஆள் நான். அன்னைக்கு நான் போட்ட வேகம் ஒரு மோட்டார் சைக்கிளோடது."

ஒரு கட்டைவிரல்கூட வரவில்லை. வெகுநேரம் கழித்து ஹேமநாதன் எழுதினார்: "அஞ்சுதானா அண்ணே? அடுத்த வருஷம் நான் வர்றேன். நேரா ஃபுல் மாரத்தான்!"

உடனே கட்டைவிரல்களும் தீப்பிழம்புகளும் கொட்டின.

இதைப் படித்துவிட்டு யாருக்கு அனுப்பி வைக்கலாம் என்று உங்கள் மனத்தில் ஒரு பெயர் வந்திருக்கும். தாராளமாக அனுப்புங்கள். அதற்கு முன்னால் ஒரே ஒரு சந்தேகம். "திங்கட்கிழமையிலிருந்து ஆரம்பிக்கிறேன்" என்று வீட்டில் சொல்லி வைத்திருக்கிறீர்களே, அது எந்தத் திங்கட்கிழமை?