கோமதிக்கு எடை கூடிய கதை

ஒரு தாயை, அவள் பெற்ற பிள்ளையின் உடம்பைக் கெடுக்கிறாள் என்று ஊர்கூடிய கூட்டத்தில் குற்றம் சாட்டியிருக்கிறேன். குற்றவாளி நான்தான் என்பது பத்து நிமிடம் கழித்துத் தெரிந்தது. அந்தப் பத்து நிமிடமும் நான் மிக நன்றாகப் பேசினேன் என்பதுதான் இன்னும் உறுத்துகிறது.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. பாளையங்கோட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு டீச்சராகச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. மனையியலும் படித்தவள் என்பதால் பெரிய டீச்சர் (தலைமையாசிரியையை அப்படித்தான் சொல்வோம்) ஒரு வேலையை என் தலையில் கட்டினார். "பிள்ளைகள்லாம் டிவி முன்னால உக்காந்து தின்னே குண்டாகுதுக. நீ ஏதாவது செய்யி."

செய்தேன். மாதம் ஒரு முறை எடை, தினமும் அரை மணி நேரம் கட்டாய விளையாட்டு, தாய்மார்களுக்குச் சாப்பாட்டு அட்டவணை. இது போதாதென்று, முந்தின நாள் தின்றதையெல்லாம் பிள்ளைகள் காலையில் வகுப்பில் ஒரு நோட்டில் எழுத வேண்டும். நோட்டுகள் பள்ளிக்கூடத்திலேயே இருக்கும். வாரக் கடைசியில் நான் படித்துக் கையெழுத்துப் போடுவேன். (படித்தேனா என்பதற்குப் பிறகு வருகிறேன்.)

நாற்பத்திரண்டு பிள்ளைகளில் கோமதி தச்சநல்லூரில் எங்கள் பக்கத்து வீட்டுப் பிள்ளை. அவள் அம்மா பிரமு அக்கா, "உங்க கூடவே பஸ்ல கூட்டிட்டு வந்துருங்க டீச்சர்" என்று என்னை நம்பி விட்டிருந்தார். சாயங்காலம் ஜங்ஷனில் இறங்கி அடுத்த பஸ்ஸுக்கு நிற்போம். பக்கத்திலேயே டீக்கடை. காலையிலிருந்து வகுப்பில் கத்தியவள் வயிறு சும்மா இருக்குமா? பிள்ளையைப் பார்க்க வைத்துவிட்டுத் தின்ன மனம் வராமல் அவளுக்கும் வாங்குவேன். பஸ்ஸுக்கு நிற்கும்போது தின்பதெல்லாம் சாப்பாடு என்று எனக்குத் தோன்றவே இல்லை. சத்தியமாக.

மூன்று மாதம் கழித்துப் பெற்றோர் கூட்டம். எடைப் பதிவேட்டைப் பிரித்தால் மற்ற பிள்ளைகள் எல்லோரும் ஒழுங்காக இருக்க, கோமதி மட்டும் நான்கு கிலோ கூடியிருந்தாள். வீட்டில் 'அக்கா' என்று கூப்பிடுகிறவரை மேடையிலிருந்து 'இந்த மாணவியின் தாயார்' என்றேன். "பாசத்தை நெய்யில் காட்டக் கூடாது. அட்டவணையைச் சுவரில் ஒட்டினால் போதுமா? அதைப் பார்த்துச் சமைக்க வேண்டாமா?"

முன் வரிசையில் கோமதியின் பக்கத்திலிருந்து பிரமு அக்கா எழுந்தார்.

"டீச்சர், நீங்க எழுதித் தந்ததத்தான் ஆக்குதேன். நெய் டப்பாவத் தொட்டே மூணு மாசம் ஆச்சு. ராத்திரி இன்னொரு இட்லி கேட்டு பிள்ள அழுதா. நீங்க சொன்னீங்களேன்னு குடுக்கல."

அப்போதும் நான் அடங்கவில்லை. "அப்படியானால் நான்கு கிலோ எங்கிருந்து வந்தது?"

"அவ நோட்டக் கொண்டா, பாப்போம்" என்றார் பெரிய டீச்சர். நானே ஓடிப்போய் எடுத்து வந்து கொடுத்தேன். அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு உரக்கப் படித்தார்.

"காலை, இட்லி மூன்று. மதியம், சாம்பார் சாதம், கீரை. மாலை, ஜங்ஷனில் சுசியம் இரண்டு. டீச்சர் மூன்று."

பக்கத்தைத் திருப்பினார்.

"மாலை, வாழைக்காய் பஜ்ஜி மூன்று. டீச்சர் நான்கு. பஸ் வரவில்லை. மறுபடியும் ஆளுக்கு ஒன்று."

ஒருவராவது சிரித்திருந்தால் தாங்கியிருப்பேன். யாரும் சிரிக்கவில்லை. பெரிய டீச்சர் நோட்டை என் பக்கம் திருப்பிக் காட்டினார்.

"இதுக்குக் கீழ 'மிக நன்று'ன்னு எழுதினது யாரு?"

பச்சை மையில் என் கையெழுத்து. ஒரு வாரம் விடாமல் எல்லா வாரமும் 'மிக நன்று'.

"படிச்சியா?"

"இல்ல டீச்சர்."

அவர் கோமதியிடம் திரும்பினார். "ஏட்டி, இத நீ அம்மாட்ட சொல்லலையா?"

"நோட்டுல உண்மைய எழுதினா போதும்னு டீச்சர்தான் சொன்னாங்க."

வேலை போய்விட்டது என்றே நினைத்தேன். எப்படி மேடையை விட்டு இறங்கினேன் என்று தெரியவில்லை. பிரமு அக்கா முன்னால் போய் நின்று, "மன்னிச்சிருங்கக்கா" என்றேன்.

"மன்னிக்கது இருக்கட்டும். அந்த ஒரு இட்லிக்கு எம்பிள்ள அழுதாளே" என்றார். "நாளைலருந்து ஜங்ஷன்ல நான் வந்து நிப்பேன். அங்கருந்து பஸ்ஸு வேண்டாம். மூணு பேரும் நடந்தே வருவோம்."

நடந்தோம், அந்த வருடம் முடிகிறவரை. கோமதி முன்னால் குதித்துக்கொண்டு போவாள். பிரமு அக்கா எனக்கும் டீக்கடைக்கும் நடுவில் வருவார். வேலை தப்பியது. ஆனால் பெரிய டீச்சர் எடைப் பதிவேட்டில் நாற்பத்து மூன்றாவதாக என் பெயரை எழுதிவிட்டார். மாதாமாதம் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளின் வரிசையில் நானும் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றேன். என் எடையை அவர் வாய்விட்டுத்தான் சொல்வார்.

பல வருடம் கழித்து கோமதிக்குக் கல்யாணம். பந்தியில் நான் உட்கார்ந்ததும் பிரமு அக்கா பரிமாறுகிறவர்களைக் கூப்பிட்டார். "இந்த டீச்சருக்கு ரெண்டாந் தடவ பாயசம் ஊத்தாதீங்க. வேணும்னா எங்கிட்ட வந்து கேக்கட்டும்."

பக்கத்து இலையில் இருந்த என் கணவர் இதை இன்றும் போகிற விருந்திலெல்லாம் சொல்லிச் சிரிக்கிறார். அதற்கு மேல் நடந்தது அவருக்குத் தெரியாது. கை கழுவப் போகிற வழியில் நான் பிரமு அக்காவிடம் போய்க் கேட்டேன்.

தரவில்லை.